சின்னதை எடுங்க என்று சொல்லியிருந்தாள்

அன்றைக்குக் காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "சீட்டு உங்க பேருக்கு விழுந்தா சின்னதை எடுங்க. நானும் எடுப்பேன்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். அதுவரைக்கும் தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டவள் இல்லை. முதல் தடவையாகக் கேட்டாள். நான் பைக்கை உதைத்துக்கொண்டே, "சரி சரி, பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் நான் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும்.

நான் ஓசூரில் பைக்குகளுக்கு அலுமினிய உதிரிபாகம் வார்க்கிற கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது. அப்போது என் வேலை, குறையைப் படம் எடுப்பது. வார்ப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கும், ஓரத்தில் பிசிறு இருக்கும், தலைமுடி கனத்தில் விரிசல் இருக்கும். அந்தப் பீஸைச் சாம்பல் நிற அட்டை மேல் வைத்து, குறைக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, மூன்று பக்கமும் படம் எடுத்து, லைனில் வேலை செய்பவர்கள் கண்ணில் படுகிற மாதிரி போர்டில் மாட்டவேண்டும். நல்ல பீஸ் ஒரு பக்கம், ரிஜெக்ட் பீஸ் ஒரு பக்கம். ஆறேழு வருஷம் இதையே செய்து செய்து கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் காலரில் இருக்கிற சந்தனக் கறையைப் பார்ப்பேன். அதை அவரிடமே போய்ச் சொல்லவும் சொல்வேன். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பிரிவுக்குப் புது மைக்ராஸ்கோப் வந்தது. கேமரா அதற்குள்ளேயே இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு: ஆபீஸுக்கு வேண்டாத சாமான்களைப் பழைய சாமான்காரனுக்குப் போடாமல், தொழிலாளர்களுக்கே சீட்டுக் குலுக்கிக் கொடுத்துவிடுவார்கள். நாற்காலி, ஃபேன், கேன்டீன் அண்டா என்று என்னென்னவோ போகும். அந்தத் தடவை இரண்டு கேமரா. ஒன்று, நான் ஆறேழு வருஷமாகக் கையில் வைத்திருந்த டிஎஸ்எல்ஆர். இன்னொன்று, பாதுகாப்பு அதிகாரி ரவுண்ட்ஸ் போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன சின்ன கேமரா. முதல் சீட்டுக்காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டாவது சீட்டுக்காரருக்கு மிச்சம். இதை நான்தான் முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் சொன்னேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் அவள் காலையில் அப்படிக் கேட்டிருக்கவேண்டும்.

முதல் சீட்டு என் பெயருக்கே விழுந்தது. கேன்டீன் மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சின்னது வெள்ளி நிறம், மூலையில் பெயிண்ட் போயிருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். ஆன் பண்ணி அமுக்கினால் படம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பெரியது கருப்பு. பிடிக்கிற இடத்தில் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. அந்தத் தேய்மானம் முழுக்க என் விரல் தேய்த்தது. கை தன்னால் அதன் மேல் போனது.

சின்னதை எடுங்க என்று அவள் சொன்னது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவளுக்கு என்ன தெரியும் கேமராவைப் பத்தி என்று நினைத்தேன். வெறுமனே பட்டனை அமுக்கறதெல்லாம் போட்டோவா, வெளிச்சம் தெரியணும், கோணம் தெரியணும், லென்ஸ் தெரியணும் என்றெல்லாம் மனசுக்குள் ஒரு பிரசங்கம். நினைத்தால் இப்போது என்னையே பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

இரண்டாவது சீட்டு கேன்டீனில் சப்பாத்தி போடுகிற அக்காவுக்கு விழுந்தது. மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் மூன்றாவது வீடு அவருடையது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். சின்ன கேமராவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்கு இது போதும் சாமி. அந்தக் கருங்கல்லை நீங்களே கழுத்துல கட்டிக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நிஜமாகவே கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கேட்டில் செக்யூரிட்டி, "என்ன சார், ஸ்டுடியோ போடப் போறீங்களா?" என்று கேட்டபோது உச்சி குளிர்ந்து போனது.

வீட்டில் அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். "பெருசா?" என்றாள்.

"இதுதான் கேமரா. அது பொம்மை."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"லென்ஸ்ல கை படக்கூடாது. ஈரம் ஆகவே ஆகாது. எதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடு."

துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். அப்புறம் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பீரோவில், கம்பெனி பார்சல்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு அந்தக் கேமரா பதிமூன்று வருஷம் இருந்தது. ஒரு நாள்கூட அவள் கை அதன் மேல் பட்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது எட்டு வயசு. பிறக்கும்போதே அவளுடைய இடது கன்னத்தில் ஒரு மச்சம். மச்சம் என்றால் பொட்டு அளவு இல்லை. நாவல்பழம் தின்ற கையால் கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரைக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். வலியில்லை, நோயில்லை, ஒன்றும் செய்யவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னால் ஊர் விடுமா? கல்லாவியில் என் மனைவியின் பெரியம்மா ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறாதவர், குழந்தையைப் பார்த்த உடனே தாயைத்தான் பார்த்தார். "கிரகணத்தப்ப வெளிய வந்தியாடி?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், என் பிள்ளையை இனி ஒருத்தரும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று.

எப்படிப் பார்க்கவேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன். கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது படிவத்தில் அங்க அடையாளம் இரண்டு எழுதவேண்டும் அல்லவா? நான் யோசித்து யோசித்து, வலது முழங்காலில் ஒரு தழும்பு, இடது கையில் ஒரு சின்ன மச்சம் என்று எழுதினேன். டீச்சர் படிவத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகத்துலயே இருக்குதே சார், அதை எழுதலாமே? சுலபமா இருக்கும்." நான், "அதெல்லாம் வேண்டாங்க மேடம், இது போதும்" என்றேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தைக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்தேன். புரிந்திருக்கிறது.

பெரிய கேமரா வீட்டுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. பூசை முடிந்து வந்தவுடன், நல்ல கவுனைக் கழற்றுவதற்கு முன்னால், ஜன்னல் ஓரத்தில் ஸ்டூலைப் போடுவேன். கம்பெனியில் பீஸ் ஒரே மாதிரி உட்காருவதற்கு ஃபிக்சர் என்று ஒரு சட்டம் வைத்திருப்போம். அந்தப் புத்தி. தரையில் சாக்பீஸால் ஸ்டூலின் நாலு காலுக்கும் குறி போட்டேன். அவள் உட்காருவாள். "கழுத்தைத் திருப்பு. இன்னும். அப்பாவைப் பாக்காத, ஜன்னலைப் பாரு. தாடையைக் கொஞ்சம் தூக்கு. போதும், ஆடாத." இடது பக்கம் இருட்டுக்குள் போய்விடும். வலது பக்கம் வெளிச்சத்தில் வழவழவென்று வரும். உண்மையிலேயே அழகான படங்கள். பிரிண்ட் போட்டு கல்லாவிக்கு, பெரியம்மா வீட்டுக்கு முதலில் அனுப்பினேன். பாத்துக்க, இதுதான் என் பொண்ணு என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

அந்தக் கேமராவில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை அதில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். அப்போது என் முகம் முழுக்க அதற்குப் பின்னால் மறைந்துபோகும். என் மகளுக்குப் படம் எடுக்கும்போது அப்பா கிடையாது, எதிரில் ஒரு கருப்புப் பெட்டியும் அதிலிருந்து வருகிற அதட்டலும்தான். இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனியில் குடும்ப தினம் என்று வீட்டாரை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். நான் மகளை நேராக என் போர்டுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். "இதெல்லாம் அப்பா எடுத்தது" என்றேன்.

"இந்தச் சிவப்பு அம்பு எதுக்குப்பா?"

"குறை எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்ல? அதுக்கு."

"அம்பு வெச்ச பீஸை என்ன பண்ணுவாங்க?"

"உருக்கிடுவாங்க கண்ணு. திரும்ப உலையில போட்டுடுவாங்க."

அவள் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லா கேள்வி கேக்கறா, இஞ்சினியர் ஆவா என்று பக்கத்தில் இருந்த ஆளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்கு அடுத்த வருஷம் முதல் நற்கருணை, பிள்ளைகள் சர்ச்சில் முதல் தடவையாக அப்பம் வாங்குகிற சடங்கு. வெள்ளை கவுன், தலையில் வெள்ளை முக்காடு. கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். முக்காட்டை இடது கன்னத்தின் மேல் கொஞ்சம் இழுத்துவிட்டேன். இயற்கையாக விழுந்த மாதிரி இருக்கவேண்டும் என்று நாலைந்து தடவை சரி செய்தேன். கேன்டீன் அக்கா வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார். கதவோரம் என் மனைவியும் அவரும் நின்றிருந்தார்கள். நேரமாகுது, நேரமாகுது என்று யாரோ சொன்னார்கள். நான் படம் திருப்தியாக வரும்வரைக்கும் யாரையும் விடவில்லை. கோயிலுக்குத் தாமதமாகத்தான் போனோம். மற்ற பிள்ளைகள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருக்க, இவள் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் பீரோவிலிருந்து கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். "கண்ணு, வா" என்று கூப்பிட்டேன். வந்தாள். ஸ்டூலில் குறி தவறாமல் உட்கார்ந்தாள். ஆனால் கழுத்தைத் திருப்பவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். இடது கன்னத்தில், மச்சத்துக்குப் பக்கத்தில், அதைக் காட்டுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். என் சட்டைப்பையிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"குறை எங்கன்னு வெச்சிட்டேன்பா. இப்ப எடு" என்றாள்.

சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கணக்கு வாய்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

அந்த இடத்தில் மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்திருப்பான்? கேமராவைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அது கம்பெனி ஸ்டிக்கர்டி! விளையாடறதுக்கா வெச்சிருக்கேன்?" என்று கத்தினேன். போய் அதைப் பிய்த்தேன். வார்ப்பில் எண்ணெய் இருந்தாலும் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது, பசை அப்படி. கன்னம் சிவந்து போனது. ஆ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா வந்தாள். ஸ்டிக்கர் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள். "ஸ்டிக்கரா இப்ப முக்கியம்?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரு. செல்லம் குடுத்தே கெடுத்து வெச்சிருக்க."

மகள் அதற்குள் கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துவிட்டாள். தாடையைக்கூடத் தானே தூக்கிக்கொண்டாள். நான் படம் எடுத்தேன். ஆமாம், அதற்கப்புறமும் எடுத்தேன். நல்ல படம். வலது கன்னத்தில் வெளிச்சம் விழுந்திருக்கும். கண்ணில் ஈரம் இருப்பதால் பளபளப்பு இன்னும் கூடியிருக்கும். அதை அந்த வருஷம் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த நாளிலிருந்து அவளிடம் திருப்பு, தூக்கு என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கேமராவை எடுத்தாலே கழுத்து தானாகத் திரும்பும். சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். அப்படியே வளர்ந்தாள், கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், இப்போது பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். போன் வந்த காலத்திலிருந்து அவளே படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். எல்லாம் வலது பக்கம். நல்ல கோணம் தெரிஞ்சிருக்குது, என் பொண்ணாச்சே என்று அதற்கும் பெருமைப்பட்டிருக்கிறேன். மடையன் என்று யாராவது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

போன மாசம் கேன்டீன் அக்கா வீட்டைக் காலி செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, ஆனேக்கல் பக்கம் மகன் வீட்டோடு போகிறார். நாங்களும் அவரும் அதே லைன் வீட்டில் இத்தனை வருஷம். மூட்டை கட்டும்போது என் மனைவியைக் கூப்பிட்டு அந்தச் சின்ன கேமராவையும் சார்ஜரையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். நான் சாமான் ஏற்ற உதவிக்குப் போய் நின்றிருந்தேன்.

"இதுல இருக்கறதுல முக்கால்வாசி நீ எடுத்ததுதான் தாயே. நீயே வெச்சுக்க" என்றார் அவளிடம். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியாது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வண்டி போனதும் வீட்டுக்கு வந்து கேமராவிலிருந்த கார்டை எடுத்து டிவியில் மாட்டினேன். என் மனைவி தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் படத்திலேயே என் மகள். எட்டு வயசு. மத்திகிரி கால்நடைப் பண்ணை வேலியோரம், ஒரு கை புல்லை மாட்டுக்கு நீட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். முன்னால் ஒரு பல் இல்லை. வெயில் நேராக இடது கன்னத்தில் அடிக்கிறது. மச்சம் முழுசாகத் தெரிகிறது. அடுத்ததில் தண்ணீர்க் குழாயடியில் நனைந்த தலையோடு கத்துகிறாள். அடுத்ததில் நாவல்பழம் ஒன்றைக் கன்னத்தில் மச்சத்தின் மேல் வைத்து, ரெண்டும் ஒரே கலர் என்று காட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என் மகள் அப்படி ஒரு கோமாளித்தனம் செய்வாள் என்றே எனக்குத் தெரியாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயசு என்று வந்துகொண்டே இருந்தது. சைக்கிளில், பஸ் ஸ்டாப்பில், காய்ச்சலில் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபடி. ஒன்றில்கூட முகம் திரும்பவில்லை.

"எப்ப எடுத்த இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நீங்க ஷிஃப்ட்டுக்குப் போனப்புறம். அக்காகிட்ட வாங்கி எடுப்பேன். எடுத்துட்டு குடுத்துடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் அவரைக்காய் நாரை உருவிக்கொண்டே, "என்னத்த சொல்றது?" என்றாள். "வெளிச்சம் சரியில்ல, கோணம் சரியில்லன்னு சொல்வீங்க. அவ சிரிச்சா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

வெளிச்சமும் சரியாக இருந்தது, கோணமும் சரியாக இருந்தது. அவள் படம் எடுக்கத் தெரிந்தவள். அந்தச் சின்ன கேமராவை முகத்துக்கு முன்னால் வைத்து மறைக்கவேண்டியதில்லை, கையை நீட்டிப் பிடித்தால் போதும். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எல்லாப் படத்திலும் சிரித்திருக்கிறாள். இவ்வளவு கைவாகு இருக்கிறவளிடம்தான் நான் லென்ஸில் கை படக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன், அவசரத்தில் தாண்டிப்போன ஒரு படம் வந்தது. முதல் நற்கருணை நாள். கதவோரத்திலிருந்து எடுத்தது. ஸ்டூலில் வெள்ளை கவுனில் என் மகள். நான் குனிந்து ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்திருக்கிறேன், இன்னொரு கையால் முக்காட்டை இடது கன்னத்தின் மேல் இழுக்கிறேன். என் முகம் நன்றாகத் தெரிகிறது. புருவம் சுருங்கி, உதடு ஒரு பக்கம் கோணி, எனக்குத் தெரிந்த முகம்தான் அது. ரிஜெக்ட் பீஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வருகிற முகம். அதை ஒரு ஒன்பது வயசுக் குழந்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டு என்றா சொன்னேன்? அவள் என்னைப் பார்க்கவில்லை. கண் மட்டும் என் தோளைத் தாண்டி அம்மா பக்கம் போயிருக்கிறது.

டிவியை அணைத்துவிட்டேன். "என்னை மன்னிச்சிடு" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. என் மனைவி, "என்கிட்ட எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மகள் வருவதாக இருந்தாள். வாரம் முழுக்க நான் ஒரே ஒரு யோசனையில் இருந்தேன். தப்பு அந்தப் பெரிய கேமராவில்தான், அன்றைக்குச் சின்னதை எடுத்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று மனசு ஒரு சமாதானம் கண்டுபிடித்திருந்தது. இப்போது சின்னது கைக்கு வந்துவிட்டது. நேராகப் பார்க்கிற மாதிரி அவளை ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்துவிடவேண்டும். எடுத்து அதைச் சுவரில் மாட்டவேண்டும், வலது கன்னத்துப் படத்தைக் கழற்றிவிட்டு. சார்ஜ் போட்டேன். பெரிய கேமராவைப் பீரோவின் அடித்தட்டில் துணிக்குக் கீழே வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஆபீஸ் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் நடக்கிற மாதிரி தோளை ஆட்டிக் காட்டினாள், அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முகம் முழுக்க வெயில். இதுதான் சமயம் என்று கேமராவைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனேன்.

"கண்ணு, இங்க பாரு."

பார்த்தாள். என் கையில் கேமரா இருப்பதைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு, பெயிண்ட் போன, அவளைச் சின்ன வயசிலிருந்து சிரிக்கவைத்த அதே கேமரா. என் முகத்தை நான் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

கழுத்து திரும்பியது. நான் வாயே திறக்கவில்லை. இடது கன்னம் நிழலுக்குள் போனது, தாடை கொஞ்சம் மேலே வந்தது, கண் தெருவைப் பார்த்தது. சாக்பீஸ் குறி போட்ட தரையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி.

"அப்படி இல்லம்மா. நேரா. அப்பாவை நேரா பாரு."

"சரிப்பா" என்று திரும்பினாள். ஒரு விநாடி நேராக இருந்தாள். நான் பட்டனில் விரல் வைத்தேன், மறுபடியும் திரும்பிவிட்டது. அவளுக்கே அது தெரிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டிய சிரிப்பு இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிக்கிற சிரிப்பு. "வரமாட்டேங்குதுப்பா. பழகிடுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உன்னை நான் ரொம்பப் படுத்திட்டேன்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றாள். சொல்லும்போதும் தெருவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

என் மனைவி எழுந்து வந்து என் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். "குடுங்க இப்படி" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க கொஞ்ச நேரம் உள்ள இருங்க" என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே அவள் அம்மா ஏதோ சொல்ல, மகள் மேனேஜர் குரலில் பதில் சொன்னாள். பட்டன் அமுங்குகிற சத்தம் கேட்டது. கூடவே அவள் சிரிப்பு கேட்டது, வேலியோரம் மாட்டுக்குப் புல் நீட்டிய பிள்ளையின் சிரிப்பு. ஜன்னல் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது, எட்டிப் பார்த்தால் முழு முகமும் தெரியும். நான் பார்த்தால் திரும்பிவிடுவாள் என்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.